சித்தப்பாவுக்கு, போன் விஷயமாக

இர்விங், டெக்சஸ்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே நான் நலம். நீங்கள், சித்தி, தம்பி எல்லோரும் நலமா? பாட்டிக்கு முழங்கால் வலி தேவலையா?

"அமெரிக்காவில் பழைய ஐபோன் சல்லிசாகக் கிடைக்குமாமே, நாலஞ்சு அனுப்பச் சொல்லுங்க, கடையில் வைத்து விற்கலாம்" என்று நீங்கள் கேட்டதாக அப்பா சொன்னார். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். சல்லிசாகக் கிடைப்பது உண்மைதான். ஆனால் அந்த விலைக்குக் காரணம் இருக்கிறது.

நம் ஊரில் காசு கொடுத்து போன் வாங்கினால் எந்த சிம்மையும் போட்டுக்கொள்ளலாம். ஜியோபோன் மாதிரி ஒன்றிரண்டுதான் விதிவிலக்கு. 2017இல் 1,500 ரூபாய் டெபாசிட் கட்டி அதை வாங்கியவர்கள், ஏர்டெல் சிம் எடுக்கவில்லை என்று உங்களிடம் வந்து மல்லுக்கு நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இங்கே கம்பெனிக் கடையில் வாங்கும் போன்களில் பெரும்பாலானவை அந்த ரகம்தான். வெரைசன், ஏ.டி.அண்ட்.டி., டி-மொபைல் என்று பெரிய கம்பெனிகள் மூன்று. வாசலில் "புது ஐபோன் இலவசம்" என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். உள்ளே போனால், 24 அல்லது 36 மாதத் தவணை. மாதாமாதம் பில்லில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொள்வார்கள். நடுவில் வேறு கம்பெனிக்கு ஓடிவிடக் கூடாது, அதற்குத்தான் வேறு சிம் எடுக்காதபடி பூட்டு.

புதிதாக வந்தவர்களுக்கு அந்தத் தவணையும் சுலபத்தில் கிடைக்காது. கிரெடிட் ஸ்கோர் என்று ஒன்று வேண்டும். கடன் வாங்கி ஒழுங்காகக் கட்டியவருக்குத்தான் அது இருக்கும், அது இருப்பவருக்குத்தான் கடன் கொடுப்பார்கள். நல்ல நியாயம்! அப்பா வாங்கிக் கொடுத்த ரெட்மியையே வைத்து ஓட்டிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் இங்கே எல்லோரும் 2022இல் 3ஜியை நிறுத்திவிட்டார்கள். இப்போது பேசுவதும் 4ஜி, 5ஜி வழியாகத்தான். சில கம்பெனிகள் தங்கள் பட்டியலில் உள்ள மாடலுக்கு மட்டுமே அதைத் திறந்துவிடுகின்றன. நெட் வரும், கால் போகாது. வீடு பிடிக்க, பேங்க் கணக்கு தொடங்க, எதற்கும் நம்பருக்கு ஓடிபி வர வேண்டும். ஆக, செகண்ட் ஹேண்டில் ஒன்று வாங்க வேண்டியதாகிவிட்டது.

ஆன்லைனில் விளம்பரம் பார்த்து, ஒருவர் ஐபோன் 13ஐ 260 டாலருக்குத் தருவதாகச் சொன்னார். முன்பின் தெரியாதவர்கள் பொருள் கைமாற்றிக்கொள்ள, இங்கே பல ஊர்களில் போலீஸ் ஸ்டேஷன் வாசலிலேயே கேமரா வைத்து, கார் நிறுத்தத் தனி இடம் கோடு போட்டு விட்டிருக்கிறார்கள். அங்கேதான் சந்தித்தோம். அவர் வண்டியை விட்டு இறங்காமலே போனை நீட்டினார். டிஸ்பிளேயில் கீறல் இல்லை, பேட்டரி 84 சதவீதம். செட்டிங்ஸில் ஜெனரல், அதற்குள் அபவுட் போய்க் கீழே தள்ளினால் "கேரியர் லாக்" என்று ஒரு வரி வரும். பூட்டு இல்லை என்றால் "நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்" என்றிருக்கும். இதில் "சிம் லாக்டு" என்றிருந்தது. காட்டினேன். "எனக்கு நன்றாகத்தானே வேலை செய்கிறது" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அவருடைய கம்பெனி சிம்முக்கு அது வேலை செய்யும்தான்.

நீங்கள் கல்லாவில் உட்கார்ந்து பேரம் பேசுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். 200 டாலரைக் கையில் கொடுத்துவிட்டு, மீதி 60 பூட்டு திறந்த பிறகுதான் என்றேன். முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டார். அங்கேயே அவருடைய ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறச் சொல்லி, போனை முழுதாக அழிக்கவும் வைத்தேன். அது வேறு பூட்டு, உங்களுக்குத் தெரியாததல்ல: பழைய சொந்தக்காரரின் பாஸ்வேர்டு இல்லாமல் அந்தப் போன் வெறும் கண்ணாடித் துண்டு, எந்தக் கம்பெனி நினைத்தாலும் நெட்வொர்க் அன்லாக்கில் அது திறக்காது.

பூட்டைத் திறக்கச் சொல்லி, கம்பெனியின் இணையதளத்தில் போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐயைக் கொடுத்து விண்ணப்பித்தேன். (எந்தக் கம்பெனி என்பது வேண்டாம்.) "தகுதி இல்லை" என்று ஒரே வரியில் மெயில். காரணம் கேட்டால், உரிமையாளரிடம்தான் சொல்வார்களாம். போன் என் கையில், உரிமை இன்னொருவர் பெயரில்! பிறகு விற்றவரே போன் போட்டுக் கேட்டதில், கடைசித் தவணை இரண்டு பாக்கி என்று தெரிந்தது. அந்த 60 டாலர் மட்டும் என்னிடம் நின்றிருக்காவிட்டால் மனிதர் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். பாக்கியைக் கட்டினார், அடுத்த விண்ணப்பம் சரியாகிவிட்டது.

ஐபோனின் பூட்டைத் திறக்க ரகசிய எண் எதுவும் கிடையாது சித்தப்பா. கம்பெனி ஆப்பிளுக்குச் சொல்கிறது, அவர்கள் சர்வரில் மாற்றுகிறார்கள். வைஃபையில் வைத்து வேறு சிம்மைப் போட்டால் போன் தானாகவே தெரிந்துகொள்கிறது. பல ஆண்ட்ராய்டு போன்களில்தான் வேறு சிம் போட்டதும் ரகசிய எண் கேட்கும். தப்புத் தப்பாகப் போட்டால் அப்புறம் அதுவும் கேட்காது.

இதற்கே சட்டம் வந்த கதை உண்டு. 2007இல் முதல் ஐபோன் ஒரே கம்பெனிக்குத்தான் என்று வந்தபோது, நியூ ஜெர்சியில் ஜார்ஜ் ஹாட்ஸ் என்ற 17 வயதுப் பையன் பூட்டைத் திறந்து, அந்த போனைக் கொடுத்து ஒரு நிஸான் காரே வாங்கிவிட்டான். கம்பெனியைக் கேட்காமல் பூட்டைத் திறக்கலாமா கூடாதா என்று இங்கே தீர்மானிப்பது யார் தெரியுமா? நாடாளுமன்ற நூலகத்தின் தலைவர். பதிப்புரிமைச் சட்டத்தில் விலக்கு தருவது அவர் பொறுப்பு. 2013 ஜனவரியில் அந்த விலக்கு போய்விட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வெள்ளை மாளிகைக்கு மனுப் போட்ட பிறகு, 2014 ஆகஸ்டில் ஒபாமா கையெழுத்திட்டுத் திறக்கலாம் என்றாக்கினார். ஆனாலும் பூட்டி விற்பதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. பக்கத்து நாடு கனடாவில் 2017 டிசம்பரிலிருந்து பூட்டியே விற்கக் கூடாது என்று முடித்துவிட்டார்கள்.

இதில் உங்களுக்கு வேண்டியது என்னவென்றால், தவணை முடியாத போனைத்தான் இங்கே பலர் சல்லிசாகத் தள்ளிவிடுகிறார்கள். விற்றவர் அப்புறம் தவணை கட்டாமல் விட்டால் அந்த ஐஎம்இஐ கறுப்புப் பட்டியலுக்கே போகலாம். ஆர்-சிம் என்று சிம்மோடு சேர்த்து வைக்கிற சிப் போட்டுச் சமாளிக்கலாமே என்பீர்கள். அது அடுத்த அப்டேட் வரைக்கும்தான். வாங்கிப் போனவர் மறுபடி உங்கள் கடை வாசலில் வந்து நிற்பார். இன்னொன்று, அமெரிக்காவில் விற்கும் ஐபோன் 14இலிருந்து சிம் தட்டே கிடையாது, போனுக்குள்ளேயே இருக்கும் இ-சிம் மட்டும்தான். நம் ஊரில் ஏர்டெல்லும் ஜியோவும் இ-சிம் தருகிறார்கள், சரி. ஆனால் பழைய போன் வாங்க வருகிறவர் சிம்மைக் கழற்றி மாட்டிப் பார்க்காமல் பணம் எடுப்பாரா?

அதனால் கடைக்கு வேண்டாம். ஒரே பையில் நாலஞ்சு போன் கொண்டுபோனால் கஸ்டம்ஸிலும் பிடித்துக்கொள்வார்கள். தம்பிக்கு மட்டும் ஒரு 13, பூட்டுத் திறந்து, சிம் தட்டு உள்ளதாகப் பார்த்து வாங்குகிறேன். என்னோடு வேலை பார்க்கும் திண்டுக்கல் அக்கா பொங்கலுக்கு ஊருக்கு வருகிறார், அவர் கையில் கொடுத்துவிடலாம். பணம் கொடுப்பதற்கு முன் ஐஎம்இஐ எண்ணை அனுப்புகிறேன். நீங்கள் அங்கே கேஒய்எம் (KYM) என்று போட்டு அந்த எண்ணை அரசின் 14422க்கு மெசேஜ் அனுப்பிச் சரிபார்த்துச் சொல்லுங்கள். தம்பிக்குக் கறுப்பா நீலமா என்று கேட்டுச் சொல்லுங்கள். அந்த அக்கா திரும்பி வரும்போது சித்தியின் பருப்புப் பொடி கால் கிலோ கொடுத்துவிட்டால் போதும், இடம் அடைக்காது.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்