நன்கொடை கேட்க வீட்டுக்குப் போங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் சபை நடத்தும் மாணவியர் விடுதிக்குப் பல ஆண்டுகள் பொருளாளராக இருந்தவன் நான். இப்போது ஊழியங்களுக்கான உதவி வேண்டுகோள் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. நாலு படம், ஒரு வசனம், கீழே கியூஆர் கோடு. அனுப்புகிறவர்களின் நோக்கத்தில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டுப் படியேறி, முகம் பார்த்துக் கேட்கும் வழக்கம் நம் சபைகளில் அற்றுப்போகிறதே என்று வருத்தமாக இருக்கிறது.

மனிதரிடம் கேட்பது விசுவாசக் குறைவு என்று சிலர் சொல்கிறார்கள். பிரிஸ்டலில் ஆயிரக்கணக்கான அனாதைப் பிள்ளைகளை வளர்த்த ஜார்ஜ் முல்லரையும், நம் டோனாவூரில் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய ஏமி கார்மைக்கேல் அம்மையாரையும் காட்டுவார்கள். இருவரும் தேவையை ஜெபத்தில் மட்டுமே வைத்தவர்கள். அது அவர்களுக்குக் கிடைத்த அழைப்பு, அதை மதிக்கிறேன். ஆனால் வேலூரை மறக்கலாமா? 1899இல், பின்னாளில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை உருவாக்கிய ஐடா ஸ்கடர், அங்கே பெண்கள் மருத்துவமனை கட்ட 8,000 டாலர் வேண்டுமென்று நியூயார்க்கில் ஓர் அம்மையாரை வீடு தேடிப் போய்ப் பார்த்தார். அந்தப் பேச்சு வீட்டிலிருந்த வங்கி அதிபர் ராபர்ட் ஷெல்லின் காதில் விழுந்தது. மறைந்த மனைவியின் நினைவாக அவர் 10,000 டாலர் கொடுத்தார். 1902இல் வேலூரில் அந்த மனைவியின் பெயரிலேயே மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது.

வேதத்தில் நெகேமியாவும் அப்படித்தானே! எருசலேமின் இடிந்த மதிலைக் கட்ட ஜெபித்தார், அப்புறம் ராஜாவிடமே வாய் திறந்து கேட்டார். எத்தனை நாள் ஆகும், யாருக்குக் கடிதம் வேண்டும், மரம் எதற்கு என்று எல்லாமே அவரிடம் தெளிவாக இருந்தது.

நேரில் போனால்தான் கொடுப்பவர் நம்மைக் கேள்வி கேட்க முடியும். ஓய்வு பெற்ற நர்ஸ் அக்கா ஒருவரிடம் விடுதிச் சமையலறைக் கூரைக்காகப் போயிருந்தோம். கூரையைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. "பிள்ளைகளுக்கு வாரத்தில் எத்தனை முட்டை போடுறீங்க?" என்றார். ஒன்றுகூட இல்லை என்றோம். அடுத்த மாதத்திலிருந்து முட்டைச் செலவை அவரே ஏற்றுக்கொண்டார். இன்னொரு வீட்டில் மகளுக்கு ஆபரேஷன் முடிந்திருந்தது. அங்கே பணப் பேச்சே எடுக்கவில்லை. ஜெபித்துவிட்டு வந்தோம்.

ஆராதனையில் மைக்கில் பெயர் சொல்லித் தொகை கேட்பதை நான் ஏற்கவே மாட்டேன். நாலு பேர் முன்னால் மறுக்க முடியாமல் கொடுப்பது காணிக்கை ஆகாது. முன்கூட்டியே போன் செய்து, இரண்டு பேராகப் போங்கள். என்ன வேலை, எவ்வளவு செலவு என்பதை நேராகச் சொல்லிவிட்டு, அவர் யோசிக்கும்வரை பேசாமல் இருங்கள். முடியாது என்றால், சரி என்று அதே அன்போடு விடைபெறுங்கள். வரிச் சலுகைப் பதிவு உள்ள அமைப்புக்கே 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரிக் கழிவு கிடைக்காது. அதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்கு நோட்டீஸ் அடிக்கும் சபைக் கமிட்டிகள், ஒவ்வொரு உறுப்பினருக்கும் சில வீடுகளைப் பிரித்துக் கொடுத்துப் பார்க்கட்டும். வேலை முடிந்ததும் பில்லோடு அதே வீடுகளுக்கு இன்னொரு முறை போக வேண்டும். பல சபைகளில் விட்டுப்போவது இந்த இரண்டாவது நடைதான்.

இப்படிக்கு,
சபையின் முன்னாள் பொருளாளர் ஒருவர்,
பாளையங்கோட்டை