போனில் வழிகாட்டிய அண்ணனுக்கு நன்றி

மூன்று வாரமாக எங்கள் வீட்டு கம்ப்யூட்டர் திடீர் திடீரென்று உறைந்து நின்றது. விண்டோஸைப் புதிதாகப் போட்டும் தீரவில்லை. தெரிந்தவர் ஒருவர் உங்கள் எண்ணைக் கொடுத்தார்.

நீங்கள் முதலில் கேட்டது, "உறைந்திருக்கும்போது கேப்ஸ் லாக்கை அழுத்தினால் அந்தச் சின்ன விளக்கு மாறுகிறதா?" என்றுதான். மாறவில்லை. அப்படியானால் ஏதோ ஒரு புரோகிராம் மட்டும் சிக்கவில்லை, மொத்த இயந்திரமும் நின்றுவிட்டது என்றீர்கள். விண்டோஸில் நடந்தவற்றின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் நான் பார்த்துப் பயந்த 41-ஆம் எண் பிழை, முறையாக அணைக்காமல் மறுபடி இயங்கியதை மட்டுமே சொல்லும், காரணத்தைச் சொல்லாது என்றும் விளக்கினீர்கள்.

அப்புறம் வெப்பநிலையைப் பார்த்தோம், சரியாக இருந்தது. நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற புரோகிராமை பென்டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓடவிட்டேன். காலையில் திரை நிறைய பிழைகளைக் காட்டும் சிவப்பு வரிகள். இரண்டு ராம்களையும் (நினைவக அட்டைகளையும்) தனித்தனியாகப் போட்டுச் சோதிக்கச் சொன்னீர்கள். இரண்டாவதில்தான் கோளாறு. அதைக் கழற்றி 11 நாளாகிறது, ஒரு தடவைகூட நிற்கவில்லை.

மின்சார இணைப்பைத் துண்டித்தாயா, உடம்பின் நிலைமின்சாரம் போக கேஸின் உலோகத்தைத் தொட்டாயா என்று ஒவ்வொரு முறையும் பொறுமையாகக் கேட்டீர்களே, அதை மறக்கவே மாட்டேன். மகளின் ப்ராஜெக்ட் நேற்று முடிந்தது. ரொம்ப நன்றி அண்ணா.