26 கிலோ மூட்டை ஏன் என்று தெரிந்துகொண்டு வாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

விற்பனை வேலைக்குப் போகும் இளைஞர்களுக்கு யோசனை சொல்லி உங்கள் வேலைவாய்ப்புப் பக்கத்தில் ஒரு கட்டுரை வந்திருந்தது. சிரித்த முகம், தேய்த்த சட்டை, தயங்காத ஆங்கிலம் எல்லாம் இருந்தது. போய்ப் பார்க்கிற ஆளின் தொழிலைப் பற்றி ஒரு வரி இல்லை. சேரன்மகாதேவிப் பக்கம் இருபத்திரண்டு வருடமாக அரிசி மில் நடத்துகிறேன். எதையாவது விற்க வாரத்துக்கு மூன்று பேராவது வருகிறார்கள்.

மாசிக் கடைசியில் பில் போடும் மென்பொருள் விற்க ஒரு தம்பி போன் செய்தார். பிசானப் பருவ நெல் அறுப்பு நேரம். வாசலில் நெல் லாரி வரிசை, ஈரப்பதத்தில் வியாபாரியோடு தகராறு. "அப்புறம் கூப்பிடுங்க தம்பி" என்றேன். மதியத்துக்குள் மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார். கார் பருவ அறுப்பு எப்போது, பிசான அறுப்பு எப்போது என்று எங்கள் ஊர் டீக்கடையில் கேட்டாலே சொல்லியிருப்பார்கள்.

சரி, பாவம் என்று பங்குனிக் கடைசியில் நேரில் வரச் சொன்னேன். லேப்டாப்பைத் திறந்து காட்டிய மாதிரி பில்லில் 25 கிலோ மூட்டை, 5 சதவீத ஜிஎஸ்டி. அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 25 கிலோ வரை வரி என்று 2022 ஜூலை 18 முதல் வந்தது. அதற்கு மேல் எடை போனால் வரி இல்லை. அதனால்தான் 26 கிலோ மூட்டை. டவுனில் அரிசிக் கடை வாசலில் ஐந்து நிமிடம் நின்றால் கண்ணில் படும். அந்தத் தம்பி என்னிடமே கேட்டார்: "ஏன் சார், ஒரு கிலோ சும்மா கொடுக்கிறீங்களா?"

அடுத்த வாரம் பை கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தார். "அண்ணாச்சி, சொந்த வியாபாரமா, வாணிபக் கழகத்துக்கு அரவையா?" என்றுதான் பேச்சையே ஆரம்பித்தார். ரேஷன் அரிசிக்காக அரசின் நுகர்பொருள் வாணிபக் கழகத்துக்கு அரைக்கிற மில்லில் நெல்லும் அவர்களுடையது, அரிசியும் அவர்களுக்கே. அங்கே பேர் அச்சடித்த பையை யார் வாங்குவார்கள்? வருவதற்கு முன் கடைகளில் எங்கள் மூட்டையையும் பார்த்திருக்கிறார். தையல் பிரிவதைச் சொன்னார். "இட்லிக்கு அம்பை 16-னு கேட்டு வாங்குறாங்க, பையில அந்த எழுத்தே அழிஞ்சு கிடக்கே அண்ணாச்சி" என்றார். நம் அம்பாசமுத்திரம் ஆராய்ச்சி நிலையம் தந்த நெல் அது. வெளியூர்ப் பெண் வாயில் அந்தப் பேரைக் கேட்டதும் கொஞ்சம் இளகிவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன்.

பழைய ஆளைவிடப் பைக்கு நாற்பது பைசா அதிகம். ஆனாலும் இரண்டாயிரம் பைக்கு ஆர்டர் கொடுத்தேன். கணக்கு பார்க்கிற மைத்துனர் இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார்.

மென்பொருளும் எனக்குத் தேவைதான். அந்தத் தம்பி இதைப் படித்தால் ஆடியில் வரட்டும், மில்லில் கூட்டம் இருக்காது. 26 கிலோவுக்குப் பில் போட்டுக் காட்டட்டும்.

அரிசி மில் உரிமையாளர்,
சேரன்மகாதேவி.