பசிக்கறப்ப சோறு: காங்கேயத்து மாப்ளைக்கு ஒரு கடுதாசி

மாப்ள தங்கவேலு,

நல்லா இருக்கியா, தங்கச்சி, பசங்க எல்லாம் சௌக்கியமா. அத்தைக்கு முட்டி வலி இப்ப எப்படி இருக்குது, கோயமுத்தூர் டாக்டர்கிட்ட காட்டறேன்னு சொன்னியே, காட்டுனியா இல்லையா. நீ எழுதி பத்து நாளாச்சு, பதில் போட நேரமே சிக்கல, ஜெர்மனில இருந்து வந்து எறங்குன நாள்ல இருந்து சேம்பிள் அனுப்பற வேலை, டையிங்ல கலர் பிடிக்கலைன்னு ஒரு ஓட்டம், அப்பறம் பழனி போயிட்டு வந்தோம். இன்னைக்கு ஞாயித்துக்கெழம, ஒறம்பரை யாரும் வரல, அதனால சாவகாசமா உக்காந்து எழுதறேன், நெம்ப நீளமா போனாலும் பொறுத்துக்க.

நீ கேட்டது இதுதான், பிளேன்ல பிசினஸ் கிளாஸ்ல எப்ப வேணாலும் சாப்புடலாமாமே, அது எப்படிறா முடியும், நம்ம மெஸ்ஸுல மூணு மணிக்கு மேல நாலு பேரு வந்தாலே மாஸ்டர் மொகம் சுருங்கிப் போகுதுன்னு. நீ மெஸ்ஸு நடத்தறவன், அதனாலதான் இந்தக் கேள்வி உனக்கு தோணுது, மத்தவங்க எல்லாம் என்கிட்ட சீட்டு படுக்கையா மடங்குமாம்லன்னு மட்டும்தான் கேட்டாங்க.

மொதல்ல கெளம்புன அன்னைக்கு நடந்தத சொல்றேன். ஜனவரில ஃப்ராங்க்ஃபர்ட்ல ஹைம்டெக்ஸ்டில்னு வீட்டுத் துணி கண்காட்சி நடக்கும், கரூர்ல இருந்து பெட்ஷீட், மேசை விரிப்பு, கிச்சன் டவல், ஏப்ரன் எல்லாம் தூக்கிட்டு வருஷா வருஷம் ஒரு கூட்டமே போகும்னு உனக்குத் தெரியும். இந்தத் தடவை பொங்கலோட சேந்து வந்துருச்சு, பட்டிப் பொங்கலுக்கு ஊர்ல இல்லாம போனது இன்னும் மனசுக்கு ஒரு மாதிரிதான் இருக்குது. போன வருஷம் நாலு நாளு ஸ்டால்ல நின்னு காலு வீங்கிப் போனத மொதலாளி பாத்தாரு, சுகர்காரன் இப்படி அலையக் கூடாதுன்னு இந்த வருஷம் அவராவே பிசினஸ் டிக்கெட் போட்டுக் குடுத்தாரு. கொச்சில இருந்து தோகா, அங்கிருந்து ஃப்ராங்க்ஃபர்ட். கரூர்ல இருந்து கார்ல வெள்ளகோயில் தாண்டி காங்கேயம் வரப்ப மணி நாலு இருக்கும், உன்ற மெஸ்ஸு ஷட்டர் பாதி எறக்கியிருந்துச்சு, நீ கோயமுத்தூர் போயிருந்த. குனிஞ்சு உள்ள எட்டிப் பாத்தேன், அத்தை ஒத்தையா உக்காந்து தட்டப்பயறு பொடைச்சிட்டு இருந்தாங்க. என்னையப் பாத்ததும் வாய்யா மாப்ளன்னு எந்திரிச்சவங்க, அந்த முட்டி வலியோட, சாப்புட்டியான்னு கேக்கவே இல்ல, நேரா அடுப்பப் பத்த வெச்சாங்க. சின்னக் குக்கர்ல ஒரு டம்ளர் அரிசி, அரை டம்ளர் துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, வரமொளகா, அவ்வளவுதான், இருவது நிமிஷத்துல அரிசிம்பருப்பு சோறு வட்டல்ல வந்துருச்சு, மேல நெய்யி, ஓரத்துல ஒரு ஊறுகா. அந்த நெய் வாசம் வாளையார் தாண்டற வரைக்கும் கையில இருந்துச்சு.

இத எதுக்கு சொல்றேன்னா, அன்னைக்கு ராத்திரி பிளேன்ல ஏறி உக்காந்ததும் அந்தப் பொண்ணு மெனு கார்ட நீட்டி கேட்டது ஒரே கேள்விதான், எப்ப சாப்புடறீங்கன்னு. என்ன சாப்புடறீங்கங்கறது ரெண்டாவதுதான். இத்தன வருஷம் எகானமில போயிருக்கேன், நடு ராத்திரி தூக்கத்துல தட்டி எழுப்பி ட்ரேய முன்னால வெச்சுட்டு போவாங்க, பசிக்குதோ இல்லையோ தின்னுதான் ஆகணும், பொறவு பசிக்கறப்ப ஒண்ணும் இருக்காது. இங்க நான் கொச்சில இருந்து தோகா வரைக்கும் எனக்கு ஒண்ணும் வேண்டாம் தூங்கறேன்னு சொல்லிப்போட்டு படுத்துட்டேன், யாரும் எழுப்பல. தோகால இருந்து ஃப்ராங்க்ஃபர்ட் போறப்ப நம்ம ஊரு நேரம் மத்தியானம் ஒரு மணிக்கு சாப்புட்டேன். ஜனவரில ஜெர்மனி நமக்கு நாலரை மணி நேரம் பின்னால, அங்க அப்ப காலைல எட்டரை, ஆனா என்ற ஒடம்புக்கும் மாத்திரைக்கும் அது மத்தியானந்தான். பக்கத்து சீட்டு ஆளு அதே நேரத்துல முட்டையும் பிரெட்டும் காலை டிபனா சாப்புட்டாரு, நான் சோறும் பருப்பும் பன்னீரும் சாப்புட்டேன். பழனிக்கு மாலை போட்டிருந்ததால சைவம், அத முன்னாடியே டிக்கெட்ல ஏவிஎம்எல்னு போட்டிருந்தோம், இந்திய சைவ சாப்பாட்டுக்கு அதுதான் குறியெழுத்து, டயபடிக்காரங்களுக்கு டிபிஎம்எல்னு தனியா இருக்குது, பொதுவா ஏர்றதுக்கு 24 மணி நேரம் முன்னால சொல்லிரணும்.

சோறு வர்றதுக்கு முன்ன மேசைல ஒரு வெள்ளத் துணி விரிச்சாங்க மாப்ள. பழக்கதோஷம், மொதல்ல அதத்தான் கையில எடுத்துப் பாத்தேன். நல்ல காட்டன், ஓரத்துல சாட்டின் பட்டை, நாலு மூலையும் மைட்டர் வெச்சு, அதாவது சாய்வா மடிச்சு தெச்சிருந்துச்சு, ஒரு நூலு கூட பிசிறு இல்ல, எத்தன தடவ சலவைக்குப் போயிருக்கும், இருந்தும் சுருங்கி கோணல் ஆகல. இந்தத் துணிய வெட்டி, தெச்சு, செக்கிங் பண்ணி, இஸ்திரி போட எத்தன பேரு கை படும்னு தெரிஞ்சவன் நான், அது மேல வட்டல் வெக்கவே மனசு வரல.

இப்ப நீ கேட்ட சங்கதிக்கு வர்றேன். மேல யாரும் சமைக்கறது இல்ல. அடுப்பு, நெருப்பு கெடையாது. ஏர்போர்ட் பக்கத்துலயே பெரிய சமையக்கூடம் இருக்கும், அங்க ஆக்கி, உடனே கடுங்குளுர் மெசின்ல வெச்சு 5 டிகிரிக்கு எறக்கி, அப்படியே ட்ராலில அடுக்கி, லாரில கொண்டாந்து பிளேன்ல ஏத்திருவாங்க. மேல கேலி (galley)ன்னு ஒரு சின்ன அடுப்படி, நம்ம வீட்டு ஸ்டோர் ரூம் அளவு கூட இருக்காது, அதுல சூடு காத்து அடிக்கற ஓவன், இருவது இருவத்தஞ்சு நிமிஷம் வெச்சா சூடாயிரும். வழக்கமான முறைல எல்லாத்தையும் ஒட்டுக்கா ஓவன்ல போட்டு ஒட்டுக்கா பரிமாறி ஒட்டுக்கா எடுத்துருவாங்க, கல்யாணப் பந்தி மாதிரி. இந்த நேரங்கட்டாத முறைல ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சூடு பண்ணி, தனியா வட்டல்ல எடுத்து வெச்சு கொண்டாரணும், ஒருத்தரு சூப்புல இருப்பாரு, ஒருத்தரு தூங்குவாரு, ஒருத்தரு இனிப்பு கேப்பாரு. சிப்பந்திங்களுக்கு வேலை நெம்ப ஜாஸ்தி, உக்காரவே நேரம் இல்ல. நான் தண்ணி குடிக்க அந்தப் பக்கம் போனப்ப ஒரு தாள்ல சீட்டு நம்பர் போட்டு யாருக்கு எத்தன மணிக்கு என்னங்கறத எழுதி செவுத்துல ஒட்டி வெச்சிருந்தத பாத்தேன், மொத்த சூட்சுமமும் அந்தத் தாள்லதான் இருக்குது.

கத்தார் ஏர்வேஸ்காரங்க இந்த முறைக்கு பேர் போனவங்க. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்ல வேற விதம், புக் த குக்னு வெச்சிருக்காங்க, ஏர்றதுக்கு ஒரு நாள் முன்னாலயே எந்த அயிட்டம் வேணும்னு பட்டியல்ல இருந்து சொல்லி வெச்சுரலாம். ஒண்ணு நேரத்த நம்மகிட்ட விடுது, இன்னொண்ணு அயிட்டத்த நம்மகிட்ட விடுது. என்னையக் கேட்டா நேரத்த விடறதுதான் பெருசு. 1919ல லண்டன்ல இருந்து பாரிஸ் போன ஹேன்ட்லி பேஜ் கம்பெனி பிளேன்ல 3 ஷில்லிங்குக்கு ஒரு டப்பா குடுத்தாங்களாம், அதுதான் பிளேன்ல வித்த மொத சாப்பாடுன்னு சொல்றாங்க, அந்த டப்பாவக் கூட மடில வெச்சுட்டு எப்ப வேணாலும் தொறந்து தின்னுருக்கலாம் பாரு.

ருசியப் பத்தியும் ஒண்ணு சொல்லணும், இது உனக்கு நெம்ப புடிக்கும். மேல போனதும் உள்ள இருக்கற காத்தழுத்தம் 6000 அடில இருந்து 8000 அடி ஒசரத்துல இருக்கற மாதிரி ஆயிருது, கிட்டத்தட்ட ஊட்டில உக்காந்து சாப்புடறதுதான். ஆனா ஊட்டில ஈரம் இருக்கும், பிளேன்ல காத்து காஞ்சு கெடக்கும், மூக்கு வறண்டு போயி வாசம் புடிபடாது, போதாததுக்கு இஞ்சின் எரைச்சல் வேற. ஜெர்மனில லுஃப்தான்சா பிளேன் கம்பெனிக்காக ஃப்ரான்ஹோஃபர்ங்கற ஆராய்ச்சி நிலையத்து ஆளுக ஆராய்ச்சி பண்ணுனப்ப உப்பு ருசி 20ல இருந்து 30 சதவீதமும் இனிப்பு 15ல இருந்து 20 சதவீதமும் கொறஞ்சு தெரியுதுன்னு கண்டாங்க, தக்காளி, காளான் மாதிரி அயிட்டம் மட்டும் ருசி கெடாம நிக்குதாம். எனக்கு அந்தப் பருப்பு சப்புன்னு இருந்ததுக்கு காரணம் சமையக்காரன் இல்லைன்னு அப்பறந்தான் புரிஞ்சுது. அத்தை அரிசிம்பருப்ப மேல கொண்டு போனா உப்பும் வரமொளகாயும் இன்னொரு பங்கு சேத்தணும்.

திரும்பி வர்றப்ப நடந்தத எழுதத்தான் கை வரமாட்டேங்குது, ஆனா உனக்கு சொல்லாம யாருக்கு சொல்றது. வேற கம்பெனி, பேரு வேண்டாம், அதுவும் பிசினஸ்தான். ஒம்போது மணி ராத்திரி வண்டி, சாப்பாடு எப்படியும் சித்த நேரத்துல வந்துரும்னு மாத்திரைய முன்னாடியே போட்டுட்டேன், அது என்ற தப்புதான். நாலு நாளு நின்ன அசதி, ஏறி உக்காந்ததும் கண்ணு சொருகிருச்சு. முழிச்சுப் பாத்தா நாலு மணி நேரம் ஆயிருச்சு, லைட்டு எல்லாம் அணைச்சு இருட்டு, சட்டை நனைஞ்சு போச்சு, கை நடுங்குது. பெல்ல அமுத்தி சாப்பாடு கேட்டேன், சர்வீஸ் முடிஞ்சுருச்சு சார், எறங்கறதுக்கு முன்னால டிபன் வரும்னு சொல்லிட்டு அந்தத் தம்பி போயிட்டாரு. எனக்கு நாக்கு கொழறுது, சுகர்னு சொல்ல வாய் வரல. உன்ற அக்கா என்ற கைப்பைல எள்ளு உருண்டை பொட்டலம் வெச்சிருந்தா, அத எடுத்து ரெண்டு மென்னு முழுங்குனேன், பெல்ல மறுபடி அமுத்துனேன், இந்தத் தடவ வந்த அம்மணி மொகத்தப் பாத்ததுமே ஓடிப் போயி ஆரஞ்சு ஜூஸ் கொண்டாந்து குடுத்து நான் முழுசா குடிக்கற வரைக்கும் பக்கத்துலயே முட்டி போட்டு உக்காந்திருந்தது. ஒரு கால் மணி நேரத்துல நடுக்கம் நின்னுருச்சு. அந்த மொதத் தம்பி மேல எனக்குக் கோவம் இல்ல, அவருக்கு சொல்லிக் குடுத்த சட்டம் அது. ஆனா அத்தன காசு வாங்கற கம்பெனி, தூங்கறவனுக்கு ஒரு வட்டல் எடுத்து வெக்காம எல்லாத்தையும் மூட்டை கட்டறது எனக்கு இன்னைக்கும் பொறுக்கல. அத்தையா இருந்தா மூடி வெச்சிருப்பாங்க.

அதனால உன்ற மெஸ்ஸப் பத்தி நான் நெனைக்கறத சொல்லிப்போடறேன். மூணு மணிக்கு மேல முழுச் சாப்பாடு போடணும்னு இல்ல மாப்ள, அது யாராலயும் முடியாது, பிளேன்லயும் ராத்திரி நடுவுல கேட்டா சின்னப் பட்டியல்தான் நீட்டுவாங்க. மூணு அயிட்டம் போதும், அரிசிம்பருப்பு சோறு, முட்டை, மோரு. மத்தியானம் வடிச்ச சோத்த சாயந்தரம் வரைக்கும் வெச்சு போடாத, வடிச்ச சோறு வெளிய கெடந்தா கெட்டுப் போற கிருமி சீக்கிரம் பெருகும், அதுக்குத்தான் பிளேன்காரங்க அவ்வளவு அவசரமா குளுர வெக்கறாங்க. அத்தை பண்ணுன மாதிரி சின்னக் குக்கர் நாலு வாங்கி வெய்யி, ஆளு வந்தப்பறம் அரிசியப் போடு, இருவது நிமிஷம் உக்காரச் சொன்னா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. அரிசி மில்லு, தேங்காண்ணெய் மில்லு ஆளுகளுக்கு ஷிப்ட் எப்ப முடியுதுன்னு உனக்கு அத்துப்படி, லாரிக்காரங்க நம்பர் உன்கிட்ட இருக்குது, வெள்ளகோயில் தாண்டறப்பவே ஒரு போன் அடிக்கச் சொல்லு, ஒரு தாள்ல பேரும் நேரமும் எழுதி அடுப்படில ஒட்டு. மாஸ்டருக்கு மொகம் சுருங்கறது வேலையால இல்ல, சொல்லாம வந்து நிக்கறதாலதான்னு எனக்குத் தோணுது. சாயந்தரத்துக்கு தனியா ஒரு ஆளப் போட்டு அவருக்கு ஓய்வு குடு, இல்லைன்னா பாரம் மறுபடி அத்தை முட்டில வந்து விழும், அது மட்டும் கூடாது.

இந்தப் பக்கம் சேதி பெருசா ஒண்ணும் இல்ல. சின்னவ பன்னெண்டாவது, மார்ச்ல பரிச்சை, வீடே அமைதியா கெடக்குது. தோட்டத்துல கெணத்துத் தண்ணி இன்னும் ஒரு மாசம் தாங்கும், முருங்கை நல்லா காச்சிருக்குது, வர்றப்ப ஒரு கட்டு கொண்டாறேன்.

அடுத்த மாசம் ரெண்டாவது வாரம் திருப்பூர் வர்ற வேலை இருக்குது, திரும்பறப்ப காங்கேயம் வர எப்படியும் நாலரை ஆயிரும். திருப்பூர்ல இருந்து நேரா வந்தாலும் சரி, பல்லடம் பக்கம் இருந்து வந்தாலும் சரி, முன்னாடியே போன் பண்றேன், என்ற பேர அந்தத் தாள்ல மொத ஆளா எழுதி வெய்யி. அத்தைய சமைக்க விடாத, நீயே பண்ணு.

உன்ற,
சுப்பு
கரூர்