போர்க்களத்து நாடுகளில் உழைப்போரின் காப்புறுதி: ஒரு திறந்த மடல்

இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் தலைவருக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

லெபனானிலும் இஸ்ரேலிலும் வேலை செய்யும் எம்மவரின் மருத்துவக் காப்புறுதி குறித்து இம்மடலை எழுதுகிறேன். 2006, 2024 ஆகிய ஆண்டுகளின் போர்களையும், இடையில் 2020 ஓகஸ்ட் 4 அன்று பெய்ரூத் துறைமுகத்தில் நிகழ்ந்த வெடிப்பையும் லெபனானில் எம் பெண்கள் கண்டிருக்கிறார்கள். 2023 ஒக்டோபருக்குப் பின்னரும் முதியோர் பராமரிப்புக்கும் விவசாய வேலைக்கும் எம் நாட்டவர் இஸ்ரேலுக்குப் போகிறார்கள். ஆபத்துத் தெரிந்தே அனுப்புகிறோம் என்றால், காயமோ நோயோ வந்தால் செலவை யார் ஏற்பது என்பதை விமானம் ஏறும் முன்பே தீர்த்துவைக்க வேண்டாமா?

காப்புறுதிப் பத்திரங்களில் விலக்குகள் என்றொரு பகுதி பொடி எழுத்தில் இருக்கும். போர், உள்நாட்டுக் கலவரம் ஆகியவற்றால் வரும் காயங்களுக்குப் பணம் தரப்படாது என்பது அங்கே வழமையாகக் காணப்படும் வாசகம். அதாவது, பித்தப்பைக் கல்லுக்குப் பணம் தரும் அதே காப்புறுதி, குண்டுச் சிதறல் காலில் பாய்ந்தால் கைவிரித்துவிடும். போர் நடக்கும் நாட்டுக்குப் போகிறவருக்கு இதைவிடப் பெரிய அநியாயம் எனக்குத் தெரியவில்லை.

நோய்க்காவது அது உதவுமா என்றால், அதிலும் சிக்கல் உண்டு. லெபனானில் வீட்டுப் பணியாளருக்குக் காப்புறுதி எடுப்பது எஜமானின் பொறுப்பு. 2019 பொருளாதார நெருக்கடிக்கு முன் ஒரு டொலருக்குச் சுமார் 1,500 லிராவாக இருந்த லெபனான் நாணயத்தின் மதிப்பு, பின்னர் 89,000 லிராவையும் தாண்டி வீழ்ந்தது. லிராவில் எழுதப்பட்ட காப்புறுதித் தொகை எதுவாயினும், டொலரில் பணம் கேட்கும் வைத்தியசாலையின் வாசலில் அது செல்லாக் காசுதான். எஜமானை விட்டு வெளியேறியவர்கள் வதிவிட அனுமதியோடு காப்புறுதியையும் இழக்கிறார்கள்.

எஜமானியை விட்டு வெளியேறாமலேயே என் அக்காவும் இப்படிக் காப்புறுதியின்றி நின்றார். குண்டுவீச்சுக்குப் பயந்து எஜமானி குடும்பத்தோடு மலைப்பகுதிக்குப் போனபோது, அக்காவின் கடவுச்சீட்டும் காப்புறுதி அட்டையும் அவருடைய கைப்பையிலேயே போய்விட்டன. சிறுநீரகக் கல்லின் வலியோடு போன அக்காவை முற்பணம் கட்டாமல் அனுமதிக்க ஒரு தனியார் வைத்தியசாலை மறுத்துவிட்டது. அங்குள்ள எம் பெண்கள்தான் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததை ஒன்று சேர்த்துக் கட்டினார்கள். இங்கே அவரை அனுப்பிவைத்த முகவர் நிலையமோ, அது எஜமானியின் பொறுப்பு என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டது.

போர்க்காயத்தையும் அவசர வெளியேற்றத்தையும் உள்ளடக்கிய காப்புறுதி இல்லாமல் இத்தகைய நாடுகளுக்கு எவரையும் பதிவு செய்யாதீர்கள். காப்புறுதித் தொகை டொலரில் எழுதப்படட்டும். தவணைக் கட்டணம் தொழிலாளியின் தலையில் விழாமல் எஜமானும் முகவர் நிலையமும் அதைக் கட்டட்டும். அட்டையின் பிரதியொன்று தொழிலாளியின் கையிலும், இன்னொன்று இங்குள்ள குடும்பத்திடமும், மூன்றாவது அந்நாட்டிலுள்ள எமது தூதரகத்திலும் இருக்க வேண்டும். புறப்படு முன் நடக்கும் பயிற்சியில், எதற்குப் பணம் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்து, வாசித்துக் காட்டிய பின்னரே கையொப்பம் வாங்குங்கள்.

இவற்றுள் எவற்றை எப்போது நடைமுறைப்படுத்துவீர்கள் என்பதை எழுத்தில் அறிவிக்குமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
பெய்ரூத்தில் உழைக்கும் ஒருவரின் தங்கை,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13