அறிவியல் மன்றச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2022-23

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமாக இந்த அறிக்கையில் மாதத்துக்கு ஒரு பத்தி வரும். இந்த முறை வராது. நடந்த கூட்டங்களில் பாதிக்கு மேல் ஒரே மனிதரைப் பற்றியவை. புரதங்களின் வடிவத்தை ஆராய்ந்த இயற்பியலாளர் ஜி. என். ராமச்சந்திரனின் நூற்றாண்டைக் கொண்டாடலாம் என்று சென்ற பொதுக்குழுவில் பேச்சு வந்தபோது, "எந்த ராமச்சந்திரன்?" என்று கேட்டவர்களில் அடியேனும் ஒருவன் என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

முதல் கூட்டம் அவர் பிறந்த நாளான அக்டோபர் 8, சனிக்கிழமை. வந்தவர்கள் 9 பேர். 1922இல் எர்ணாகுளத்தில் பிறந்தார், திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்தார், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியலில் சேர்ந்து பிறகு சர் சி. வி. ராமனின் இயற்பியல் துறைக்கு மாறினார், கேம்பிரிட்ஜ் போய்த் திரும்பினார், 1952இல் முப்பதை ஒட்டிய வயதில் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவரானார் என்ற அளவில் அன்றைய பேச்சு முடிந்தது. நடுவில் இரண்டு பேர் எழுந்து போனார்கள்.

இரண்டாவது கூட்டம்தான் ஆண்டையே மாற்றியது. தோல் பதனிடும் தொழிலில் இருந்து ஓய்வுபெற்ற நம் உறுப்பினர் ஒருவர் பேசினார். தண்ணீரைக் கழித்துவிட்டால், தோலின் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம். கிண்டியில் ராமச்சந்திரனின் துறைக்குப் பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். அங்கிருந்து கிடைத்த கங்காரு வால் தசைநாணில் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, கொலாஜனின் வடிவம் என்ன என்பதற்குக் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து ராமச்சந்திரன் கண்ட விடை, மூன்று இழைகள் முறுக்கிய கயிறு. அதன் முதல் வடிவம் 1954இல் 'நேச்சர்' இதழில் வந்தது. டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருளுக்கு அடுத்த ஆண்டு! மூன்று இழையும் நெருங்கும் நடுப்பகுதியில் இடமே இல்லை. அதனால்தான் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் மிகச் சிறிய அமினோ அமிலமான கிளைசின் இருக்கிறது. நண்பர் மூன்று தேங்காய் நார்ப் புரிகளை எடுத்துவந்து மேடையிலேயே முறுக்கிக் காட்டினார். "முப்பது வருஷம் இதைத்தான் தொட்டியில் புரட்டிக்கிட்டிருந்தேனா!" என்று அவர் சொன்னதற்குக் கிடைத்த கைதட்டல், என் எந்த நன்றியுரைக்கும் கிடைத்ததில்லை.

ஆனால் அந்த மாதிரியில் குறை கண்டார்கள். சில அணுக்கள் ஒன்றுக்கொன்று அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்றார்கள், டி.என்.ஏ. இரட்டைச் சுருளைக் கண்டவர்களில் ஒருவரான பிரான்சிஸ் கிரிக்கும் அவருடன் ஆய்வு செய்த அலெக்சாண்டர் ரிச்சும். மூன்று இழை என்ற கருத்து நிலைத்தது. பிணைப்பின் விவரங்களில் அவர்கள் திருத்தமே நின்றது. இந்த வழக்கு ராமச்சந்திரனைச் சும்மா விடவில்லை. சரி, அணுக்கள் எவ்வளவுதான் நெருங்கலாம்? அதுவரை வெளியான படிக அமைப்புகளைத் தேடி, தூரங்களைத் திரட்டினார். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி; அதில் ஒவ்வொரு கண்ணியும் இரண்டு கோணங்களில்தான் சுழலும்: ஃபை, சை. ஒன்றைக் கிடையிலும் மற்றதை நெடுக்கிலும் குறித்து, அணுக்கள் இடித்துக்கொள்ளாத இடங்களை மட்டும் வரைந்தால் சதுரத்தில் சின்னத் தீவுகளே மிஞ்சுகின்றன. சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் வெளியிட்ட இதுவே ராமச்சந்திரன் வரைபடம். இதை விளக்க அவையோர் எல்லோரையும் கையை நீட்டித் தோளிலும் முழங்கையிலும் சுழற்றச் சொன்னோம். ஒருவர் மூக்குக்கண்ணாடி விழுந்தது. அதைவிட நல்ல விளக்கம் இல்லை.

அவருடைய தாக்கத்தை எப்படி அளப்பது என்று நான்காவது கூட்டத்தில் விவாதித்தோம். மேற்கோள் எண்ணிக்கை, அதாவது பிறர் கட்டுரைகள் அவர் கட்டுரையை எத்தனை முறை சுட்டின என்ற கணக்கு, இங்கே பாதிக் கதைதான் சொல்லும் என்பது என் கருத்து. இன்று உலகில் எவர் ஒரு புரத வடிவத்தைப் பொதுத் தரவு வங்கியில் சேர்த்தாலும், அதன் சரிபார்ப்பு அறிக்கையில் எத்தனை கண்ணிகள் ராமச்சந்திரன் எல்லைக்கு வெளியே என்று ஒரு வரி வரும். மூலக் கட்டுரையைத் திறந்தே பார்க்காதவர்களும் அந்தப் பெயரைச் சொல்லியாக வேண்டும். ஏ. வி. லட்சுமிநாராயணனுடன் 1971இல் அவர் எழுதிய கட்டுரை, எக்ஸ் கதிர் நிழல்களிலிருந்து உள்ளுருவத்தை மீட்கும் கணக்கைச் சுருக்கியது, சி.டி. ஸ்கேனுக்கு அது உதவியது. ஸ்கேன் எடுத்த நம் உறுப்பினர்கள் கவனிக்க.

நோபல் ஏன் இல்லை என்ற வாக்குவாதம் 40 நிமிடம் ஓடியது. பட்நாகர் விருது 1961, லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் 1977, படிகவியலுக்கான ஈவால்டு பரிசு 1999 என்று நான் பட்டியல் வாசித்தும் யாரும் அடங்கவில்லை. மின்சாரம் போனதால் கூட்டம் முடிந்தது. ராமச்சந்திரன் 2001 ஏப்ரல் 7இல் காலமானார்.

இதர நிகழ்ச்சிகள்: வான்நோக்கு இரவு ஒன்று மழையால் கைவிடப்பட்டது. நூலகத்தில் மூன்று புத்தகங்கள் இன்னும் திரும்பவில்லை. எடுத்தவர்கள் முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். கூடத்து வாடகை உயர்ந்த விவரத்தைப் பொருளாளர் சொல்வார். நார்க்கயிறு மன்ற அலமாரியில் உள்ளது. பள்ளிகளுக்கு இரவல் தரப்படும், ரசீது கட்டாயம்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்