குதிரை வயிற்றுவலியை விளங்கப்படுத்திய ஐயாவுக்கு

தரவு அறிவியல் போட்டி ஒன்றில் குழுவாகக் கலந்துகொண்டோம். வயிற்றுவலி வந்த 368 குதிரைகளின் மருத்துவக் குறிப்புகள். எது பிழைக்கும், எது சாகும் என்று கணிக்க வேண்டும். அட்டவணைக் கட்டங்களில் ஏறக்குறைய 30 சதவீதம் வெறுமை. மட்டக்களப்பில் நாங்கள் கண்டதெல்லாம் மாடும் எருமையும்தான்!

கல்லடித் தேத்தண்ணிக் கடையில் இருந்து, வெறுமையைச் சராசரியால் நிரப்பலாமா என்று வாதாடிக்கொண்டிருந்தோம். பக்கத்து மேசை ஐயா கதிரையை இழுத்துக்கொண்டு வந்தார். ஓய்வுபெற்ற மிருக வைத்தியராம்.

“குதிரையால சத்தி எடுக்க ஏலாது தம்பி. அதுதான் மூக்கால வயித்துக்குள்ள குழாய் விட்டுப் பார்க்கிறது. லேசான வலியெண்டா விடாமலும் இருந்திருப்பாங்கள்” என்றார்.

அப்போ வெறுமையும் ஒரு தகவல்தானே! பரிசோதனை நடந்ததா இல்லையா என்பதற்கே தனி நிரல் சேர்த்தோம். குதிரையின் பல் முரசை (ஈறை) விரலால் அழுத்திவிட்டால் நிறம் திரும்ப 3 செக்கனுக்கு மேல் எடுப்பது இரத்த ஓட்டம் மோசம் என்பதற்கு அடையாளம், உடலில் நீர் குறைந்தால் இரத்தம் தடிக்கும் என்பதையும் அவர்தான் சொன்னார். வெறும் எண்களாகத் தெரிந்தவை அதன் பிறகுதான் குதிரைகளாகத் தெரிந்தன.

பரிசு இல்லை, சரி. கணிப்பு நன்றாகவே முன்னேறியது.

ஐயா, பெயர் கேட்பதற்குள் எங்கள் தேத்தண்ணிக் காசையும் கொடுத்துவிட்டுப் போய்விட்டீர்கள். மிக்க நன்றி.